இல்லறக் கணக்கு: மலிவு வண்டியும் மறைந்த துருவும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் ஆகாது என்பது நம்மவர் வழக்கு. பணங் கொடுத்து வாங்கும் மாட்டுக்கோ அந்த விதி இல்லை. பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பர், மாட்டின் குணம் அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டிய பின்னரே கயிற்றைக் கையில் வாங்குவர். இத்தனை விவேகம் உள்ள நம் குடியானவர், பழைய மோட்டார் வண்டி ஒன்று மலிவாக வருகிறது என்று கேள்வியுற்றதும், பல்லையும் பாராமல் சுழியையும் பாராமல் முன்பணத்தை நீட்டிவிடுவதைக் காண்கிறோம். காரணம் வேறொன்றுமில்லை. மாட்டை அவர் அறிவார், இரும்பை அறியார்.

ஆகவே இவ்வாரம் இரும்பைப் பற்றியும், அவ்விரும்பைத் தின்னும் துருவைப் பற்றியும் பேசுவோம்.

பேச்சுக்கு ஓர் ஊர் வேண்டும். ஒரு குடும்பமும் வேண்டும். ஊர் மெய்யானது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூர் அது. குடும்பம் நாம் கற்பித்துக்கொண்டது. வயலும் சிறிது கடற்றொழிலும் உள்ள தந்தை. வீட்டுக் கணக்கைத் தம் கையில் வைத்திருக்கும் தாய். யந்திரத் தொழில் பழகும் மூத்த மகன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் மகள். இவர்கள் வீட்டுக்கு ஒரு செய்தி வருகிறது. 1960களில் செய்யப்பட்ட லான்ட் றோவர் வண்டி ஒன்று மூதூர்ப் பக்கத்தில் விலைக்கு இருக்கிறதாம். ஓடுகிறது, ஆனால் துருப்பிடித்திருக்கிறது. கேட்கும் விலை, பழைய முச்சக்கர வண்டி ஒன்றின் விலையிலும் குறைவு. வாங்கலாமா, கூடாதா?

சிறிய கேள்வி அன்று

வசதி படைத்தோருக்கு இஃது ஒரு பொழுதுபோக்கு. சம்பூரில் அவ்வாறன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இருந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்தனர். அவர்களுடைய காணிகள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. நிலக்கரியால் இயங்கும் அனல் மின்நிலையம் ஒன்றுக்கென்றும் அங்கே நிலம் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்காக முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலங் கழித்தவர்களுக்கு 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகள் கட்டங்கட்டமாக மீண்டன. அனல் மின்நிலையத் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டது காடு மண்டிய வளவும் இடிந்த சுவருமே. கிணற்றை இறைத்து, வேலியை அடைத்து, வயலைத் திருத்தி, ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவையே இன்று அவர்தம் உடைமை.

அத்தகைய வீட்டில் சேமிப்பு என்பது வெறும் காசன்று. பல ஆண்டு உழைப்பின் மிச்சம். தவறான வண்டியொன்று அதை விழுங்குமாயின், மகளின் மேற்படிப்பு தள்ளிப்போகும். அடுத்த பெரும்போகத்துக்கு விதைநெல் வாங்கக் கடன்பட வேண்டிவரும். சரியான வண்டியாயின், தந்தையின் தோட்பாரம் குறையும். மகனுக்கு ஒரு தொழில் தொடங்கும். எனவேதான் இதனைச் சிறிய கேள்வி அன்று என்கிறோம்.

வண்டியின் தேவையும் மெய்யானதே. முன்னாளில் மூதூரார் திருகோணமலைக்குக் குடாவைக் கடந்து படகிலே போவர். தரைவழியே போனோர் துறைகளில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குக் காத்து நிற்பர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. பெருந்தெரு இன்று நல்ல தெரு. ஆனால் பெருந்தெருவிலிருந்து இறங்கி வயலுக்குப் போகும் வண்டிப்பாதையும், தோணி கிடக்கும் கடற்கரை மணலும், மாரி பிறந்தால் சேறாகும் ஒழுங்கைகளும் அப்படியே இருக்கின்றன. நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கு அங்கே வேலை உண்டு.

வண்டியின் குலம்

மாட்டுக்குக் குலம் கேட்பதுபோல் வண்டிக்கும் கேட்க வேண்டும். மேடு பள்ளம் பாராது செல்லும் சிறு வண்டிகளுக்கெல்லாம் மூத்தது அமெரிக்க ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பெனிகளும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அப்போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளோடு ஜீப்பும் இலங்கைத் தெருக்களில் உலாவிற்று. இந்தியாவிலே மகிந்திரா கம்பெனி 1947 முதல் வில்லிஸ் ஜீப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கியது.

லான்ட் றோவர் இந்த ஜீப்பின் பிள்ளை எனலாம். இங்கிலாந்தில் றோவர் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டின் ஆங்கில்சித் தீவில் உள்ள தம் பண்ணையில், போரில் மிஞ்சிய ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கிவந்தார். அதுபோன்ற வண்டியைக் குடியானவருக்கென்றே நாம் ஏன் செய்யலாகாது என்று எண்ணினார். 1948 ஏப்ரல் 30ஆந் திகதி ஆம்ஸ்ரர்டாம் மோட்டார்க் காட்சியில் லான்ட் றோவர் முதன்முதல் உலகின் கண்ணுக்கு வந்தது. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு, அலுமினியமோ தாராளம். ஆகையால் வண்டியின் மேற்றகடுகளை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தனர். நமது கதைக்கு முக்கியமான செய்தி இதுவே. பின்னர் இதற்கு வருவோம்.

முதலாந் தொடர் 1958 வரை, இரண்டாந் தொடர் 1971 வரை, மூன்றாந் தொடர் 1985 வரை என்று இவ்வண்டிகளை வகுப்பர். பின்னாளில் டிபெண்டர் என்று பெயர் பூண்ட அவ்வழிமுறையின் கடைசி வண்டி 2016 சனவரி 29இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத் துரைமாரும் அரசாங்கத் திணைக்களங்களும் இதனை விரும்பி வைத்திருந்தனர். அவர்கள் கழித்த வண்டிகளே கைமாறிக் கைமாறி, வில்லங்கமும் மருந்துமாக நம்மிடம் வந்து சேருகின்றன.

துருவின் இயல்பு

இரும்பை மண் நமக்கு இரும்பாகத் தருவதில்லை. ஒட்சிசனோடு கூடிய தாதுவாகவே தருகிறது. உலையிலிட்டு, பெருந்தீ மூட்டி, ஒட்சிசனைப் பிரித்து இரும்பை எடுக்கிறோம். பிரிக்கப்பட்ட இரும்போ தன் பழைய நிலையையே நாடிக்கொண்டிருக்கிறது. நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தால் மீண்டும் ஒட்சிசனோடு கூடிவிடுகிறது. அக்கூட்டமே துரு. நீரில் உப்பு இருந்தால் இவ்வேலை பன்மடங்கு விரைவுபடும். நுண்ணிய மின்னோட்டம் ஒன்றின் வழியாகத்தான் துருப்பிடித்தல் நிகழ்கிறது. உப்புநீர் மின்னை எளிதிற் கடத்தும்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். மூன்று கண்ணாடிப் போத்தல்களும் மூன்று புதிய இரும்பாணிகளும் எடுத்துக்கொள்க. முதற் போத்தலில் ஆணியை இட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரை ஆணி மூழ்குமளவு வார்த்து, மேலே தேங்காயெண்ணெய் சிறிது ஊற்றி மூடுக. இரண்டாவதில் கிணற்று நீரும், மூன்றாவதில் கடல் நீரும் பாதி ஆணி நனையும் அளவு விடுக. ஒரு வாரஞ் சென்று நோக்கினால், முதலாணி ஏறத்தாழப் புதிதாகவே இருக்கும். கடல் நீர் ஆணி சிவந்து கரைந்துகொண்டிருக்கும். சம்பூரின் காற்றிலே ஆண்டு முழுவதும் உலாவுவது இம்மூன்றாம் போத்தலின் ஈரமே. மலைநாட்டில் பத்தாண்டில் வரும் துரு கடற்கரையில் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை அந்த ஆணியே சொல்லும்.

துருவின் இன்னொரு குணத்தையும் அறிதல் வேண்டும். அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடங் கொள்ளும், பொருக்காக உதிரும், உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டும். ஆதலால் துரு தானாக நிற்பதில்லை. அலுமினியத்தின் போக்கோ வேறு. அதன்மேற் படியும் ஒட்சைட்டுப் படலம் மெல்லியதாய் இறுகப் பற்றிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். இதனால்தான் ‘லான்ட் றோவர் துருப்பிடிக்காது’ என்று விற்பவர் கூசாது கூறுவர்.

அக்கூற்று பாதி உண்மை. மேனி அலுமினியம், எலும்பு உருக்கு. அன்றியும், அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்புநீர் புகுமாயின், அங்கே சிறியதொரு மின்கலம் உண்டாகி, அலுமினியமே முதலிற் கரையத் தொடங்கும். ஆணி அறைந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது அதன் அடையாளம். ஆகவே இவ்வண்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும் இடத்திற் பிடிப்பதில்லை. மேலே வண்ணம் பூசி மினுக்கிய வண்டி, அடியிலே செல்லரித்த தூணாக நிற்கக்கூடும்.

பல்லும் சுழியும் எங்கே?

இனி நம் குடும்பம் வண்டியைப் பார்க்கப் புறப்படுகிறது. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை நான்கு: சிறு சுத்தியல், திருப்புளி, மின்சூள், ஒரு துண்டுக் காந்தம். ஐந்தாவதாக, தன் தொழிலில் நேர்மையுள்ள உலோக ஒட்டு வேலைக்காரர் ஒருவர். கராஜ்காரர் எஞ்சினைப் பற்றிச் சொல்வார். ஒட்டு வேலைக்காரரே எலும்பைப் பற்றிச் சொல்ல வல்லவர்.

முதலிற் பார்க்க வேண்டியது வண்டியின் அடிச்சட்டகம். கராஜ்களில் ‘செசி’ என்பது இதனையே. லான்ட் றோவரின் செசி, உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டிச் செய்தது, உள்ளே வெற்றிடம். வயற் சேறும் கடல் நீரும் துவாரங்களின் வழியே உள்ளே புகுந்து தங்கிவிடும். எனவே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியில் ஒரு நாணயமளவு பொத்தல் தெரிகிறதென்றால், உள்ளே ஒரு முழ நீளம் மெலிந்திருத்தல் கூடும். சுத்தியலால் மெல்லத் தட்டிச் செல்க. நல்ல உருக்குக் கணீரென்று ஒலிக்கும். கெட்ட உருக்கு ஈர மரம்போல் மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்க. பின்புறக் குறுக்குச் சட்டம், வில்கள் மாட்டியிருக்கும் இடங்கள், உடலைத் தாங்கும் பக்கக் கைகள் ஆகியவற்றில் விசேட கவனம் வேண்டும். தோணி இழுக்கப் பின்னோக்கிக் கடலில் இறக்கிய வண்டியாயின், பின்புறச் சட்டமே முதலில் இறந்திருக்கும்.

இரண்டாவது, எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவேயுள்ள முன்சுவர். இதுவும் உருக்கே. கால் வைக்கும் பள்ளங்களையும், கதவுக் கீல் பூட்டிய தூண்களையும் பார்க்க வேண்டும். காலடி விரிப்பைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தடை சொன்னால், பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, புதிய தார்ப் பூச்சு. அடிப்பாகம் முழுவதும் அண்மையிற் கறுப்பு அடித்திருந்தால் மகிழ வேண்டாம், ஐயுற வேண்டும். நோயாளிக்குப் பொட்டிட்டு மணவறைக்கு அனுப்பும் வித்தை அது. காந்தம் இங்கே உதவும். ஜீப்பின் உடல் உருக்காகையால் காந்தம் எங்கும் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் துரு தின்ற பொத்தலைப் ‘பட்டி’ வைத்து அடைத்திருக்கிறார்கள். லான்ட் றோவரின் மேற்றகட்டில் காந்தம் ஒட்டாது. செசியிலும் முன்சுவரிலும் ஒட்ட வேண்டும்.

எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தாற் போதும். முன்கூட்டிச் சூடாக்காத எஞ்சினைத் தாமே முடுக்கிப் பார்க்க. நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. மஞ்சட் குமிழும் சிவப்புக் குமிழும் உள்ள சிறு கைபிடிகளை இயக்கி, நான்கு சில்லும் இழுக்கின்றனவா, தாழ்ந்த வேகம் விழுகிறதா என்று மணலிலேயே சோதிக்க. தடை மிதியை ஒருமுறை மிதித்தவுடன் வண்டி நிற்க வேண்டும். மூன்று முறை மிதித்தால் நிற்கும் வண்டியிற் பிள்ளைகளை ஏற்றுதல் பாவம். இவையெல்லாம் மாற்றக்கூடியவை. எஞ்சின் இதயம் என்றால் செசி முதுகெலும்பு. இதயத்துக்கு இக்காலத்தில் வைத்தியம் உண்டு. முறிந்த முதுகெலும்பைத் தாங்கி நடத்தல் அரிது.

மகனின் வழக்கு

மகன் தன் கட்சியை வன்மையாகவே எடுத்துரைப்பான். அதைக் கேளாமல் தள்ளுவது நியாயமன்று.

“பழைய யந்திரத்தை இகழாதீர்கள், அப்பா. 1990 முதல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் போகாமல் தடை இருந்தபோது, அங்கே ஓடியவை எவை? முற்றத்தில் கோழி அடைத்துக் கிடந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காருமல்லவா? சிறிது பெற்றோலாற் சூடாக்கிவிட்டுப் பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிய கார்களால் அது முடியவில்லை.”

இஃது உண்மை. காரணத்தையும் மாணவர் அறிதல் நன்று. பழைய எஞ்சின்கள் வாயுவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்கின. நெருக்கம் குறைவாகையால் தரங் குறைந்த எரிபொருளையும் அவை ஒருவாறு பொறுத்தன. கரி படிந்தது, எண்ணெய் கெட்டது, ஆயினும் நோயாளர் வைத்தியசாலை சேர்ந்தனர். சாதாரணச் சாவிகளாலும் கைத்திறனாலும் பிரித்துப் பூட்டக்கூடிய யந்திரம், பஞ்ச காலத்திற் கைகொடுக்கும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மகன் இன்னொரு சான்றும் காட்டுவான். இந்தியாவின் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சண்டக்பூ மலைக்கு, 1950களில் செய்த லான்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றன. அண்மைக் காலத்தில் அவற்றின் தொகை அருகிவிட்டது. எனினும் அவ்வூரின் பெயரே அவ்வண்டிகளால் அறியப்படுகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா என்பது அவன் கேள்வி.

முடியலாம், ஆனால் அங்கே எவ்வாறு முடிந்தது என்று பார்க்க வேண்டும். மலைக் காற்றிலே கடல் உப்பு இல்லை. வண்டி நாள்தோறும் கூலி சம்பாதித்தது. ஓட்டுபவரும் பழுதுபார்ப்பவரும் அதே ஊரார். ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்கு உதவிற்று. ஒரு பழைய வண்டியை உயிரோடு வைத்திருப்பது அதன் உரமன்று. அதைச் சுற்றியுள்ள தொழில்.

தொழிலின்றிப் பணத்தாலும் காக்கலாம். விற்பனைக்கென்று செய்யப்பட்ட லான்ட் றோவர்களுள் செசி வரிசையில் முதலிலக்கம் பெற்ற வண்டி, இங்கிலாந்தின் நோர்தம்பர்லாந்துப் பண்ணை ஒன்றில் நெடுங்காலம் கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்தது. பெருஞ்செல்வர் ஒருவர் அதை வாங்கிப் புதுப்பித்தார். அந்தப் பணப்பை நம் குடும்பத்துக்கு இல்லை. செல்வர் செய்ததை நாம் அரைகுறையாகச் செய்யப் புகுந்தால், வண்டியும் மீளாது, பணமும் மீளாது.

தாயின் கணக்கு

தாய் கொப்பியைத் திறக்கிறார். “விலையை விடுங்கள். மொத்தம் எவ்வளவு?” என்பது அவர் கேள்வி. சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற பழமொழி பழைய வண்டிக்கே பிறந்தாற்போன்றது.

முதற் செலவு விலை. 2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. சொந்த உபயோக வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. நீங்கிய பின்னும் வரி கடுமை. இக்காலத்திற் பழைய வாகனங்கள்கூட எதிர்பாரா விலை ஏறின. அத்தகைய நாட்டிலே ஒரு வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், மலிவுக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். அக்காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை விலை பேசலாகாது.

இரண்டாஞ் செலவு, முதல்நாள் தெருவில் இறக்குமுன் செய்ய வேண்டிய பழுதுகள். பின்புறச் சட்டமோ பக்கக் கையோ கெட்டிருந்தால், வெட்டியெடுத்துப் புதிது ஒட்டலாம். அது கூலிக்குள் அடங்கும். இரு பெருஞ்சட்டங்களும் கெட்டிருந்தால் செசியையே மாற்ற வேண்டும். துத்தநாகத்தில் தோய்த்த புதிய செசிகளை இங்கிலாந்திற் செய்து விற்கிறார்கள். கப்பற்கூலியும் வரியும் சேர்ந்தால் வண்டி வாங்கிய பணம் அதன்முன் அற்பமாகும். ஒட்டு வேலைக்காரரிடம் கூலியை எழுத்தில் வாங்கிய பின்னரே விற்பவரிடம் விலை பேசுவது முறை.

காலமும் ஒரு செலவே. பழுதுபார்க்க வந்து மாட்டிக்கொண்டவர் கதை கொட்டியாரக் கரைக்குப் புதிதன்று. 1659இல் புயலிற் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், மரத்தைச் சீர்செய்ய இக்குடாவிற்குள் வந்தது. அக்கப்பலின் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் 1660இல் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிருப்பிலே மாண்டார். மகன் தப்பியது 1679இல். நம்முடைய கராஜ்கள் அத்தனை காலம் எடுப்பதில்லை. எனினும் ‘அடுத்த வெள்ளிக்கிழமை’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் பல பொருள் உண்டு.

மூன்றாஞ் செலவு ஆண்டுதோறும் வரும் தீனி. இரண்டே கால் லீற்றர் பெற்றோல் எஞ்சின் உள்ள இவ்வண்டி நூறு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 15 லீற்றர் குடிக்கும். மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 90 லீற்றர். 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றதையும், பின்பு கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டளவே பெற்றதையும் எவரும் மறக்கவில்லை. ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகளும் உண்டு. அவை குறைவாகக் குடிக்கும். ஆனால் அம்மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருத்தல் வேண்டும். இவற்றோடு காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருடாந்த அனுமதிப்பத்திரம், நெய்ப்பூச்சு, ரயர் ஆகியனவும் சேரும். சேமிப்பிற் பாதிக்கு மேல் விலைக்குக் கொடுப்பவர், மற்றப் பாதியைத் தேடிக் கடன்காரரிடமே போவார்.

இத்தனையும் எழுதிய பின் தாய் கேட்பது ஒரே வினா: “வண்டி எதற்கு?” நெல்மூட்டை ஏற்றவும் வலை கொண்டு போகவும் என்றால், அவ்வேலையை ஒரு லான்ட்மாஸ்ரரும் பெட்டியும் குறைந்த எரிபொருளிற் செய்யும், உழவும் செய்யும். பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு செல்ல என்றால், இடுப்புப் பட்டியும் இல்லாத அறுபது வயது வண்டி அதற்குரியதன்று. ஊரிலே நாமும் ஒருவராய்த் தலைநிமிர என்றால், அவ்வாசையை இகழ வேண்டியதில்லை. இருந்ததெல்லாம் இழந்த தந்தை, வாசலில் ஒரு வண்டி நிற்பதைக் காண விரும்புதல் இயல்பே. ஆனால் அதனை ‘வேலைக்கு’ என்ற தலைப்பிலே கணக்கு எழுதலாகாது. ஆசைச் செலவென்று எழுதி, ஆசைக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

சுத்தியல் சொன்ன தீர்ப்பு

நமது குடும்பம் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரு பெருஞ்சட்டங்களும் பெரும்பாலும் கணீரென்றன. பின்புறச் சட்டத்தில் திருப்புளி இறங்கிற்று, அது மாற்றக்கூடியது. முன்சுவரின் காற்பள்ளத்தில் ஒரு பொத்தல், அதுவும் அடைக்கக்கூடியது. மகனுக்குக் கைத்தொழில் தெரியும். இதுவரை தராசு வாங்கும் பக்கமே சாய்கிறது.

இன்னும் ஓரிடம் இருக்கிறது. இரண்டாந் தொடர் வண்டிகளில் செசி இலக்கத்தை, முன்புறத்து வலப்பக்க வில் மாட்டும் இடத்தருகே சட்டத்திலேயே பொறித்திருப்பர். சேறு தெறிக்கும் இடம். உப்பு உறையும் இடம். அங்கே துரு புகுந்தால் இரும்போடு இலக்கமும் போய்விடும். நமது வண்டியில் அவ்விடத்திலே பழைய துண்டுத் தகடொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. இலக்கம் இல்லை. பதிவுப் புத்தகத்தைக் கேட்டால், முன்னொருவர் பெயரில் உள்ள புத்தகமும், அவர் கையொப்பமிட்டுத் திகதியிடாது கொடுத்த ‘ஓப்பன் பேப்பர்’ ஒன்றும் வருகின்றன. அந்த முன்னவர் இப்போது எங்கேயென விற்பவருக்குத் தெரியாது.

இங்கே நாம் தயங்காமற் கூறுவோம்: வாங்க வேண்டாம்.

பெருஞ்சட்டத்துத் துருவை விலையிற் கழிக்கலாம். பின்புறத் துருவை ஒட்டி மாற்றலாம். அடையாளத்தைத் தின்ற துருவுக்கு ஒட்டு இல்லை. புத்தகத்திலுள்ள இலக்கமும் வண்டியிலுள்ள இலக்கமும் ஒன்றென்று காட்ட முடியாத வண்டியைப் பெயர் மாற்ற முடியாது. விபத்து நேரின் காப்புறுதி கேட்க முடியாது. திருட்டு வண்டி என்று எவரேனும் சொன்னால் மறுக்க முடியாது. பதிவுள்ள உரிமையாளரே நேரில் வந்து, மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு இலக்கத்தை ஒப்பிட்டு, உரிய முறையிற் பெயர் மாற்றித் தந்தாலன்றி அந்த வண்டிக்கு ஒரு சதமும் முன்பணம் கொடுத்தல் ஆகாது.

வேறெந்த ஊராரிலும் சம்பூரார்க்கு இது விளங்கும். காணி யாருடையதென்று எல்லோரும் அறிந்திருந்தும், உறுதியும் வரைபடமும் கையில் இல்லாதவர் எத்தனை படி ஏறி இறங்கினர் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். உரிமை வேறு, உரிமையைக் காட்டும் எழுத்து வேறு என்ற பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற ஊர் அது. அப்பாடத்தை ஒரு பழைய வண்டிக்காக மறுபடியும் படிக்க வேண்டியதில்லை.

மகன் மனம் வருந்துவான். அவனுக்கு நாம் சொல்வது இதுதான், தம்பி: பழைய இரும்பின்மேல் நீ கொண்ட அன்பு நல்ல அன்பு, அதை ஒரு வண்டியின்மேல் வைத்துவிடாதே, தொழிலின்மேல் வை. உலோக ஒட்டு வேலையை நன்றாகக் கற்றுக்கொள். சுத்தியலின் ஓசையில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் காது உனக்கு வந்துவிட்டால், எலும்பு உறுதியாய், எழுத்தும் சரியாய் உள்ள வண்டி ஒன்று வரும் நாளில், ஊரார் உன்னையே அழைத்துச் சென்று காட்டுவர். அன்று நீ வாங்கும் வண்டி உன் வீட்டுக்குப் பாரமாய் வராது. சோறு கொண்டு வரும்.